மதினியும் உள்ளே இருக்கிறவளும்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் மதினியைப் போலத் தூக்கத்தின் மேல் உயிரை வைத்திருந்த ஒருத்தியை நான் பார்த்ததில்லை. அந்த மதினிதான் கொழுந்தெடுக்கிறவர்களில் எல்லோருக்கும் முந்தி எழுந்து வெளியே போனவள். இரண்டும் உண்மை. ஒன்றை மட்டும் சொன்னால் அவளைத் தெரிந்தவர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள்.

என் புருஷன் அவளை அக்கா என்று கூப்பிடுவார், அதனால் எனக்கு மதினி. மற்றபடி உறவு எதுவும் கிடையாது. இலங்கையில் நானுஓயாவுக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்துக்கு நான் கல்யாணமாகி வந்தபோது, அடுத்த காம்பராவில் தனியாக இருந்தாள். நாற்பது வயதிருக்கும். புருஷன் செத்துப் பல வருஷம் ஆகியிருந்தது, பிள்ளை இல்லை. லயத்தில் ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டியிருக்கும், நடுச் சுவர் கூரை வரை போகாது. அவள் புரண்டு படுத்தால்கூட எனக்குக் கேட்கும்.

வந்த புதிதில் ஒரு விடியற்காலை, அந்தப் பக்கம் இரண்டு பெண்கள் சண்டை போடுகிற சத்தம் கேட்டு விழித்தேன்.

“எழும்புடி.”

“இன்னும் கொஞ்ச நேரம்.”

“இதையேதான நேத்தும் சொன்ன? எழும்புடி, மூதேவி.”

“குளிருது. நாளைக்குப் போவோம்.”

பக்கத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று புருஷனைக் கேட்டேன். “அக்கா மட்டுந்தான்” என்றார், திரும்பிக்கூடப் படுக்காமல். அவருக்குப் பழகிப்போயிருந்தது.

காலையில் மதினியிடமே கேட்டேன். கூச்சமே படவில்லை. “உள்ள ஒருத்தி இருக்கா புள்ள. படு சோம்பேறி. அவளைத்தான் எழுப்பிக்கிட்டு இருந்தேன்” என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள், உறவுக்காரியை அறிமுகம் செய்கிற மாதிரி. அதன் பிறகு அவளிடம் நான் கேட்ட பாதிப் பேச்சு அந்த உள்ளே இருக்கிறவளைப் பற்றித்தான். ‘அவளுக்குத் தெரியாம’ செய்ய வேண்டும், ‘அவ முழிச்சுக்கிட்டா’ காரியம் கெட்டுப்போகும், ‘அவ இன்னைக்கு வாயத் திறக்கல’ என்று ஒரே புகார். கங்காணிக்குக் கீழே முப்பது நாற்பது பேர் என்றால் மதினிக்குக் கீழே ஒரே ஒருத்தி. அந்த ஒருத்தியை வேலைக்கு இழுப்பதற்குள் அவள் தாவு தீர்ந்துவிடும்.

இவ்வளவு பாடு எதற்கு என்றால், அவள் காலுக்காக. நான் வருவதற்கு முந்தின மழைக் காலத்தில், முதுகில் நிறைந்த கூடையோடு மலையில் வழுக்கி விழுந்து, வலது முழங்காலில் அடிபட்டிருந்தாள். வீக்கம் வடிந்தது, வலியும் போயிற்று. ஆனால் ராத்திரிக் குளிரில் அந்த முழங்கால் விறைத்துக்கொள்ளும். வெயில் ஏறி உடம்பு சூடான பிறகுதான் மடங்கும். பகலெல்லாம் எங்களை விட வேகமாக ஏறி இறங்குவாள், காலையில் மட்டும் விறகுக் கட்டையைக் கட்டி இழுக்கிற மாதிரி இழுப்பாள். காலையில்தான் பெரட்டு. கணக்கப்பிள்ளை எங்களையெல்லாம் வரிசையாக நிற்க வைத்து, ஒவ்வொருத்தியாகப் பார்த்து மலைக்கு அனுப்புவதற்குத்தான் அந்தப் பேர்.

அந்த வருஷங்களில் தேயிலைக்கு விலை இல்லை என்று சொல்லி ஆள் குறைத்துக்கொண்டிருந்தார்கள். பத்துச்சீட்டைக் கையில் கொடுத்துவிட்டால் வேலையும் போச்சு, காம்பராவும் போச்சு. சாமான் சட்டியைக் கட்டிக்கொண்டு ரயிலேறி, தலைமன்னாரில் கப்பலேறி, இந்தியாவுக்குப் போக வேண்டியதுதான். முடியாதவர்களுக்கும் நொண்டிகளுக்கும்தான் முதல் சீட்டு. அங்கே ஆள் இருந்தவர்களே அழுதுகொண்டுதான் போனார்கள். மதினியோ மூன்று வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து வந்தவள். அப்பாவுடைய ஊரின் பெயர்கூட அவளுக்குப் பாதிதான் ஞாபகம் இருந்தது. பாதிப் பெயரைச் சொல்லி யாரிடம் வழி கேட்பது?

தோட்டத்து ஆஸ்பத்திரி ஐயா வழி சொல்லியிருந்தார். தினமும் பெரட்டுக்கு முன்னால் ஒரு மணி நேரம், மலைக் கோயில் படியில் ஏறி இறங்க வேண்டும், உட்கார்ந்து எழ வேண்டும். உடம்பில் சூடு ஏறினால் முழங்கால் மடங்கும். விட்டால் அப்படியே நின்றுவிடும்.

“மருந்து ஏதாச்சும் குடுங்க ஐயா, எவ்வளவு கசந்தாலும் குடிச்சிர்றேன். விடியக்காலையில மட்டும் எழும்பச் சொல்லாதீங்க” என்று அவரிடம் கெஞ்சியிருக்கிறாள். அவர் சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டாராம்.

எங்கள் பக்கத்துக் குளிரை அறியாதவர்கள் இதெல்லாம் ஒரு கஷ்டமா என்று நினைக்கலாம். தை மாசத்தில் புல்லெல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கும். அடுப்புச் சாம்பலில் கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அந்த நேரத்தில், நாள் முழுக்க மலையேறப் போகிற ஒருத்தி, அதற்கு முன்னால் சும்மா ஒரு தடவை மலையேறிவிட்டு வருவதென்றால், கேட்பவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். நானும் சிரித்தேன்.

மதினி தன் மனசை ஒரு நாளும் நம்பியதில்லை. “நாளைக்கு எழும்பிருவேன்னு ராத்திரி சொல்றவ நான். காலையில படுத்துக் கிடக்குறவ அவ. நான் குடுத்த வாக்கு அவளைக் கட்டுமா?” என்று கேட்பாள். அதனால் வாக்குக் கொடுப்பதை விட்டுவிட்டு, தந்திரம் செய்தாள்.

சர்க்கரை இல்லாமல் அவளுக்குத் தேயிலைச் சாயத் தண்ணி இறங்காது. எனவே சாயங்காலமே சர்க்கரை டப்பாவைக் கொண்டுபோய் மலை மேலே மாரியம்மன் கோயில் மாடத்தில் வைத்துவிட்டு வருவாள். காலையில் சாயத் தண்ணி வேண்டுமென்றால் ஏறித்தான் ஆக வேண்டும். இந்த ஏற்பாடு கொஞ்ச நாள் அருமையாக நடந்தது. ஒரு நாள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு என் வாசலில் வந்து நின்றாள்.

“கெட்டுப்போச்சு புள்ள. அவ சக்கரை இல்லாமயே குடிக்கப் பழகிட்டா.”

அடுத்தது கம்பளி. என் புருஷனுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை, எங்களுக்கெல்லாம் முந்திப் போய்விடுவார். அவருக்குக் கதவைத் திறந்துவிட நான் எப்படியும் எழுவேன். அப்படியே வந்து தன் கம்பளியை உருவிக்கொண்டு போய்விட வேண்டும் என்றாள். எனக்கென்ன வந்தது? போனேன், உருவினேன், என் கம்பளியின் மேல் அதையும் போட்டு இழுத்து மூடிக்கொண்டு படுத்தேன். அந்தத் தோட்டத்தில் இரண்டு கம்பளிக்குள் தூங்கியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். உருவும்போது அவள் என்னைத் திட்டுகிற திட்டு இருக்கிறதே, அச்சில் ஏறாது. என் பரம்பரையில் ஒருவரையும் விடமாட்டாள். ஒரு மணி நேரம் கழித்து வியர்த்து விறுவிறுத்து வந்து, “நல்லா உருவுன புள்ள, மகராசியா இரு” என்று கன்னத்தைக் கிள்ளுவாள். திட்டியவள் அவளாம், வாழ்த்துகிறவள் இவளாம்.

ஒரு நாள் உருவினேன், திட்டு வரவில்லை. எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. விளக்கைக் கொண்டுவந்து பார்த்தால் கம்பளிக்கு அடியில் இரண்டு சாக்கு. “இது யாரு வச்சது மதினி?” என்று கேட்டேன். எழுந்து உட்கார்ந்து சாக்கை உற்றுப் பார்த்தாள். “பாத்தியா அவ வேலைய!” என்றாள். நடிப்பே இல்லை. நிஜமாகவே அதிர்ந்துபோயிருந்தாள்.

கோயிலுக்குப் போகிற படியில், பாதி தூரத்தில் ஒரு சின்னப் பிள்ளையார் உண்டு. உட்கார்ந்து எழுகிற வேலையை அவர் முன்னால் வைத்துக்கொண்டாள். காதைப் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போட்டால் நடுவில் நிறுத்த மனசு வராது, சாமி பார்க்கிறார் என்ற பயம் இருக்கும் என்பது கணக்கு. ஆனால் லயத்தில் வேறு கதை கிளம்பியது. புருஷன் இல்லாதவள் தினமும் இருட்டில் போய்ப் பிள்ளையாரிடம் மன்னிப்புக் கேட்கிறாள் என்றால் என்ன அர்த்தம் என்று குழாயடியில் பேசிக்கொண்டார்கள். முன்னால் நின்று பேசியவள் கடைசிக் காம்பராக்காரி. வாய் நீளம், கைக்குழந்தைக்காரி. அவளே ஒரு நாள் நேராகக் கேட்டுவிட்டாள்.

“அப்படி என்னக்கா பாவம் பண்ணினீங்க? தெனம் போடுறீங்களே?”

“பண்ணினதுக்கு இல்லடி. இனிமே பண்ணப் போறதுக்கு இப்பவே போட்டு வச்சுக்கிறேன். நீயும் வா, உனக்கு நெறையப் போட வேண்டியிருக்கும்.”

குழாயடியே சிரித்தது. கடைசிக் காம்பராக்காரி மட்டும் சிரிக்கவில்லை. குடத்தைப் பாதியிலேயே எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை.

அவளுடைய கடைசித் தந்திரம் ஒரு தகரம். கிளம்பிப் போனாலும், இருட்டிலும் பனியிலும் பாதிப் படியிலேயே உள்ளே இருக்கிறவள் திரும்பிவிடுகிறாளாம். அதற்காக ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தைக் கழுத்தில் கட்டிக்கொண்டு, குச்சியால் மெல்லத் தட்டிக்கொண்டே ஏறினாள். சத்தம் நின்றால் நான் வெளியே வந்து நாலு பேருக்குக் கேட்கிற மாதிரித் திட்ட வேண்டும். அதுவரை படுத்தபடியே கேட்டுக்கொண்டிருக்கலாம் என்பதால் ஒத்துக்கொண்டேன். டக், டக் என்று அது மேலே போவது தாலாட்டு மாதிரி இருக்கும். முதல் நாளே நான் தூங்கிவிட்டேன்.

அது மழைக் காலம். பெரட்டுக்கு எங்களை எழுப்புவது தப்பு மேளம்தான். விடியும் நேரத்தில் ஒரு பெரியவர் லயத்துக்கு லயம் தப்படித்துக்கொண்டு வருவார். நாள்கணக்காக அடைமழை பெய்தால் தப்பின் தோல் நமுத்துப்போகும், சூடு காட்டி இறுக்குவதற்கு உலர்ந்த வைக்கோல் கிடைக்காது. அந்த வாரம் அவர் தப்பை மூலையில் வைத்துவிட்டு, தகரத்தைத்தான் தட்டிக்கொண்டிருந்தார். இது எல்லோருக்கும் தெரியும், மதினிக்கும் தெரியும். அவள் தட்டுவது டக் டக், அவர் தட்டுவது தடதட. குழப்பம் வர வழியே இல்லை என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

அந்த வாரத்திலேயே ஒரு நாள், பிள்ளையாருக்குப் பின்னால் இருந்த தேயிலைச் செடிக்குள் ஏதோ உறுமியது. சிறுத்தை என்று நினைத்துவிட்டாள் மதினி. ஓட முடிகிற காலா அது? இருந்த பலத்தையெல்லாம் கையில் சேர்த்துத் தகரத்தை அடித்தாள். பன்றிதான், ஓடிவிட்டது. அது தெரியாமல் இவள் அடித்துக்கொண்டே இருந்தாள்.

தடதட சத்தம் கேட்டதும் லயம் முழுக்க அலறிப் புடைத்துக்கொண்டு எழுந்தது. நேரமாகிவிட்டது என்று ரொட்டிகூடச் சுடாமல், கம்பளியைப் போர்த்தி, இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக்கொண்டு, கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு பெரட்டுக்களத்துக்கு ஓடினோம். நானும்தான் ஓடினேன். அங்கே போய் வரிசையில் நின்ற பிறகுதான் கிழக்கே பார்த்தோம். வெளுப்பின் அடையாளமே இல்லை. தப்படிக்கிற பெரியவரும் மூச்சிரைக்க ஓடி வந்தார். தன் வேலையை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்து, வரும் வழியெல்லாம் அழுதிருக்கிறார், பாவம்.

கணக்கப்பிள்ளை லாந்தரோடு வந்தார். கோட்டுப் பொத்தான் ஒன்றுக்கு ஒன்று மாறியிருந்தது.

“யாரு தகரம் தட்டினது?”

பதிலை அவர் தேட வேண்டியிருக்கவில்லை. கோயில் பக்கமிருந்து தகரச் சத்தம் இறங்கி வந்துகொண்டிருந்தது. பனிக்குள்ளிருந்து மதினி வெளியே வந்தாள். களம் நிறைய ஆட்களைப் பார்த்ததும் குச்சி கையிலேயே நின்றுவிட்டது. இனி இவளுக்குச் சீட்டுத்தான் என்று நினைத்தேன், எல்லோரும் அதைத்தான் நினைத்தார்கள்.

“நீயா? நொண்டிக்காலை வச்சுக்கிட்டு இருட்டுல என்ன கூத்து இது?” என்றார் கணக்கப்பிள்ளை.

வேறு யாராக இருந்தாலும் காலில் விழுந்திருப்பார்கள். மதினி தகரத்தைக் கழற்றிக் கீழே வைத்தாள்.

“காலையில காலு மடங்காதுங்க ஐயா. அதை மடக்கத்தான் தெனம் உங்க பெரட்டுக்கு முந்தி எழும்பிப் படி ஏறுறேன். இன்னைக்குச் சத்தம் கூடிப்போச்சு, அது என் குத்தந்தான். என்னை நிறுத்துறதா இருந்தா நிறுத்துங்க. ஆனா நொண்டின்னு சொல்லி நிறுத்தாதீங்க. ஊரைத் தூங்க விடலேன்னு சொல்லி நிறுத்துங்க.”

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். கணக்கப்பிள்ளைக்கும் மீசை அசைந்ததோ என்னவோ, லாந்தரை அதற்குள் இறக்கிவிட்டார்.

“இத்தனை பேரையும் எழுப்பிட்டா. இனிமே போய்ப் படுத்தா ஒருத்தரும் எழும்பப் போறதில்ல. கொழுந்தெடுக்கிற பொம்பளைங்க எல்லாம் மேமலைக்கு ஏறுங்க.” பிறகு மதினியைப் பார்த்து, “நீ முன்னால போ. வெளிச்சம் வந்ததும் நான் வருவேன். நீ செடி நிரையில நிக்கணும், நான் சொன்னா நடக்கணும். இல்லேன்னா இன்னைக்கே சீட்டு.”

மேல்மலை எங்கள் தோட்டத்திலேயே செங்குத்தான இடம். மதினி முன்னால் ஏறினாள், நாங்கள் பின்னால். வழியெல்லாம் அவளுக்கு அர்ச்சனைதான். கடைசிக் காம்பராக்காரி தொண்டை கிழியத் திட்டினாள். “பச்சப் புள்ளையப் பாலு குடுக்காமப் போட்டுட்டு ஓடியாந்தேன். ஒங்க காலு வெளங்குறதுக்கு எங்க தூக்கம்தானா கெடச்சுது?” மதினி திரும்பிப் பார்க்கவில்லை. கடைசி ஏற்றத்தில் அந்தக் கால் நடுங்கியதை நான் பார்த்தேன். கையை நீட்டினேன். “தொடாத” என்றாள்.

மேலே போய்ச் சேர்ந்தபோதும் விடியவில்லை. கொழுந்து கண்ணுக்குத் தெரிந்தால்தானே பறிப்பது? செடிகளுக்கு நடுவே ஒதுங்கி, தலையோடு கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தோம். மதினியும் காலை நீட்டி உட்கார்ந்து கூடையில் சாய்ந்தாள். “கண்ண மட்டும் மூடிக்கிறேன் புள்ள” என்றாள். அவ்வளவுதான். குறட்டை கேட்டது.

எப்படிப்பட்ட நேரத்தில் என்ன தூக்கம்! உலுக்கினேன், கிள்ளினேன், காதில் கத்தினேன். உள்ளே இருக்கிறவள் அன்றைக்கு ஜெயித்துவிட்டாள். எனக்கு மதினி மேல் ஆத்திரமாக வந்தது. அவள் முழங்காலைத் தொட்டுப் பார்த்தேன். வியர்வை ஆறி, பனியில் அதற்குள் இறுகத் தொடங்கியிருந்தது. இப்படியே விட்டால் வெளிச்சம் வரும்போது அது கட்டைதான். கணக்கப்பிள்ளை வந்து நட என்றால் நடக்க முடியாது. பயத்தில் வேறெதுவும் தோன்றவில்லை. அந்தக் காலை மடியில் எடுத்து வைத்து, மெல்ல மடக்கினேன், நீட்டினேன். மறுபடி மடக்கினேன். அவள் பாட்டுக்குத் தூங்கினாள்.

என் கை ஓய்ந்துபோன நேரத்தில் பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள்.

“தள்ளு. இப்படியா மடக்குறது? கோழிக்காலை முறிக்கிற மாதிரி.”

கடைசிக் காம்பராக்காரி. முணுமுணுவென்று திட்டிக்கொண்டேதான் இருந்தாள். ஆனால் தன் கம்பளியை எடுத்து மதினியின் காலில் சுற்றி, பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்கிற பக்குவத்தில் மடக்கி நீட்டினாள். அவள் கை ஓய்ந்ததும் இன்னொருத்தி வந்தாள். அப்புறம் இன்னொருத்தி. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. கிழக்கு வெளுக்கும் வரை அந்தக் கால் எங்கள் மடிகளில் மாறி மாறி இருந்தது.

கீழே கணக்கப்பிள்ளையின் பூட்ஸ் சத்தம் கேட்டதும் இரண்டு பேர் அவளைத் தூக்கியே நிறுத்திவிட்டோம். மிரண்டு விழித்தாள்.

“நட” என்றார் அவர். நிரையின் முனை வரை நடந்து திரும்பி வந்தாள்.

“உக்காந்து எழும்பு.” உட்கார்ந்தாள். எழுந்தாள்.

அவர் அவள் முழங்காலைக் குனிந்து பார்த்தார். “போய் உன் நிரையப் புடி” என்றார்.

அவர் அடுத்த மலைக்குத் திரும்பியதும் மதினி என் பக்கம் சாய்ந்தாள். முகமெல்லாம் ஆச்சரியம்.

“ஏ புள்ள, காலு என்ன இப்படி மடங்குது! ஒரு தூக்கம் போட்டா சரியாயிருது போல. இது தெரியாம இத்தனை நாளா அந்தப் பாவியை எழுப்பி எழுப்பிக் கொன்னுருக்கேனே.”

அடுத்த நிரையில் நின்ற கடைசிக் காம்பராக்காரி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். சிரிப்பதற்குத்தான் என்று நினைத்தேன். நன்றாகப் பார்த்தால் அழுதுகொண்டிருந்தாள்.

சாயங்காலம் நான்தான் உண்மையைச் சொன்னேன். சொல்லாவிட்டால் மறுநாள் எழுந்திருக்கவே மாட்டாள். கேட்டுவிட்டு முழங்காலைத் தடவிப் பார்த்தாள்.

“எல்லாருமா?”

“எல்லாரும்தான் மதினி.”

“கடைசிக் காம்பராக்காரியுமா?”

“அவதான் ரொம்ப நேரம் வச்சிருந்தா.”

மறுநாள் விடியற்காலை சுவருக்கு அந்தப் பக்கம் சண்டை கேட்கவில்லை. தகரமும் கேட்கவில்லை. வெளியே கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு எட்டிப் பார்த்தேன். மதினி ஏற்கனவே எழுந்து, முக்காடு போட்டுக்கொண்டு, கடைசிக் காம்பராவின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

“ஏய், எழும்பு. நேத்து என் காலை மடியில வச்சிருந்தீல்ல? இனிமே அது உனக்கும் காலுதான். புள்ளைக்குப் பாலக் குடுத்துட்டு வா, ஏறிட்டு வருவோம். நான் நிக்கிறேன்.”